மோருக்குப் பின் ரசம்

மார்ச் 12, வியாழக்கிழமை.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மோர் வாங்கிக்கொண்டவரின் இலையில் ரசம் ஊற்றிவிட்டேன்.

மாலை வகுப்பில் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். சாம்பார், ரசம், பாயசம், மோர். மோருக்குப் பிறகு எதுவும் கிடையாது. மோருக்குப் பிறகு ரசம் ஊற்றினால் சாப்பாடு மறுபடியும் ரசத்திலிருந்து ஆரம்பித்துவிடும். இதை நான் எழுதி வைத்திருந்தேன். அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனாலும் ஊற்றினேன்.

ஊற்றிய இடம் உலக நாடுகளின் பந்தி.

நான் படிப்பது பந்தி பரிமாறுவதற்கான சான்றிதழ்ப் படிப்பு. செய்முறைத் தேர்வுக்கு வழக்கமாக ஏதாவது ஒரு கல்யாணத்துக்கு அனுப்புவார்கள். இந்த மாதம் முகூர்த்தம் குறைவு. அதனால் மாநாட்டுக்கு அனுப்பினார்கள். தாமாகவே ஆளைத் தேர்ந்தெடுத்துத் தாமாகவே சுடும் இயந்திரங்களை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் மாநாடு. பைபாஸ் சாலையில் இருக்கும் மங்களவிலாஸ் மஹாலில் நடக்கிறது.

ஏன் எங்கள் ஊரில் என்று முதல் நாள் கேட்டேன். எங்கள் ஆசிரியை ஜெயக்கொடி மேடம் விளக்கினார். இதுவரை பெரிய பெரிய நகரங்களில் வட்ட மேசை போட்டுப் பேசியிருக்கிறார்கள். வட்ட மேசையில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். போனார்கள். பந்தியில் அப்படி முடியாது. கடைசி ஆள் சாப்பிட்டு முடித்து இலையை மூடும்வரை ஒருவரும் எழக் கூடாது. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்பது அவர்களுடைய விதி. எல்லோரும் முடித்தால்தான் எழுந்திருப்பது என்பது நம்முடைய விதி. இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

அத்தனை பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கும் நீளம் கல்யாண மண்டபத்துக்குத்தான் உண்டு என்றும் மேடம் சொன்னார். எனக்கு அது சரியாகப்பட்டது.

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் அந்த இயந்திரங்களில் ஒன்று இருக்கிறது. தை மாதம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே இறங்கியது. கிரைண்டர் அளவு இருக்கும். ஒரே ஒரு கண். கண்ணுக்குக் கீழே ஒரு குழல்.

அது என் அண்ணன் புகழேந்தியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அண்ணன் பிளம்பர். பிவிசி பைப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பான். மேலிருந்து பார்த்தால் அது வேறு ஏதோ போலத் தெரிந்திருக்கிறது. அம்மா மாடிக்குப் போய் அது பைப் என்று விளக்கினாள். ஒரு துண்டு பைப்பை அதன் கண்ணுக்கு முன்னால் பிடித்து உள்ளே ஊதியும் காட்டினாள். அது கவனமாகப் பார்த்தது. பைப்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் தேர்வு முடிந்துவிட்டது, இனிமேல் மாற்ற வசதி இல்லை என்றது. மரியாதையாகத்தான் சொன்னது.

பந்தி முடியும்வரை எந்த இயந்திரமும் சுடக் கூடாது என்று மாநாட்டின் முதல் நாளே முடிவாகியிருந்தது. அந்த ஒரு முடிவுக்கு மட்டும் எதிர்ப்பு வரவில்லை. எல்லோரும் பசியில் இருந்தார்கள். அதனால் எங்கள் மாடியில் இருப்பதும் காத்திருக்கிறது. அம்மா அதன் பக்கத்தில் வடகம் காயப் போடுகிறாள். காக்கை வருவதில்லை. இந்த வருடம் வடகம் நன்றாக வந்திருக்கிறது.

அண்ணன் மட்டும் மாடிக்குப் போவதில்லை. தொட்டியின் மிதவை கெட்டுப்போய்த் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. ஊரில் எல்லோர் வீட்டுத் தொட்டியையும் சரிசெய்கிறவன் வீட்டில் வாசல்வரை தண்ணீர். அதை எதிர்வீட்டுக்காரர்கள் கேலியாகவும் சொல்லிவிட்டார்கள், புகாராகவும் சொல்லிவிட்டார்கள்.

நான் வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் அண்ணன் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"என்ன இலக்கியா, பெரிய மனுஷங்க இன்னைக்காவது எந்திரிப்பாங்களா?"

இன்று மதியம் நான் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னேன். பாயசம் நேற்றே முடிந்துவிட்டது, இன்று மோர், மோர் வந்துவிட்டால் உடன்படிக்கை வந்த மாதிரிதான், உடன்படிக்கை வந்தால் மாடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். அவன் என் தலையில் தட்டினான். மிதவைக்கு வேண்டிய வாஷரைச் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

அதனால்தான் என் தவறு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மண்டபத்தில் மணி ஐந்தே முக்கால். பந்தி தொடங்கிய மறுநாளிலிருந்தே ஐந்தே முக்கால்தான். மண்டப வாடகை ஆறு மணியோடு முடிகிறது. ஆறு ஆகிவிட்டால் எல்லோரும் வெளியேற வேண்டும். அதனால் மேனேஜர் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்படிச் செய்வது இந்த மாதிரி மாநாடுகளில் வழக்கம்தான் என்று நாடுகள் அவருக்கு உறுதி சொல்லியிருக்கின்றன.

மண்டபத்துக்கு வெளியே நேரம் எப்போதும் போலப் போகிறது. ஆறு மணிக்கு மண்டபம் எடுத்திருந்தவர்கள் வளைகாப்புக்காரர்கள். தட்டு தட்டாகக் கண்ணாடி வளையலோடு வாசலில் காத்திருந்தார்கள். இதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. இப்போது அதே தொகைக்குக் காதுகுத்துக்கு மண்டபம் வேண்டும் என்கிறார்கள். மேனேஜர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பந்தி மெதுவாகப் போவதற்குக் காரணம் இருக்கிறது. நாடுகள் எதையும் அப்படியே சாப்பிடுவதில்லை. ஒத்துக்கொள்ளாத பதார்த்தம் வந்தால் அதைச் சுற்றிச் சோற்றால் ஒரு சின்ன வரப்பு கட்டிவிடுகிறார்கள். வரப்புக்குள் இருப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று அர்த்தம். போன வாரம் சில இலைகளில் வரப்பைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

அப்பளத்துக்கு மட்டும் முழுதாக ஒரு பகல் போயிற்று. அப்பளம் எண்ணெயில் தானாகவே உப்புகிறதா, அல்லது போட்டவர் உப்பச் செய்கிறாரா என்று ஒரு நாடு கேட்டது. தானாக உப்புகிறது என்றால் அதையும் தடை செய்ய வேண்டியிருக்கும் என்று இன்னொரு நாடு கவலைப்பட்டது. எங்களிடம் இருப்பது இன்னும் பொரிக்காத அப்பளம்தான் என்றது மூன்றாவது நாடு. சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எண்ணெய் காய வேண்டும் என்று மட்டும் அவர் சொன்னார். அதையும் வரப்புக்குள் வைத்தார்கள்.

வரிசையின் நடுவில் ஒரு இலை காலியாக இருக்கிறது. அது இயந்திரங்களுக்குப் போட்டது. இயந்திரம் விருந்தாளி என்றால் அதற்குப் பரிமாற வேண்டும். கரண்டி என்றால் யாராவது அதைப் பிடித்திருக்க வேண்டும். விருந்தாளியா கரண்டியா என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால் இலை போட்டிருக்கிறது, தண்ணீர் தெளித்திருக்கிறது, எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நிற்பதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். நான் பாதி நின்று போவேன்.

இன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. மோர் கடைசி இலைவரை போய்விட்டது. பந்தியின் தலைவர் குளிர் நாட்டைச் சேர்ந்த ஒல்லியான மனிதர். வெள்ளி டம்ளரை ஸ்பூனால் ஒருமுறை தட்டினார். மண்டபம் அடங்கியது.

"யாருக்கும் வேற ஒண்ணும் வேணாமே?" என்று கேட்டார்.

இப்படிக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார். யாரும் எதுவும் கேட்காவிட்டால் இரண்டாவது முறை தட்டுவார். தட்டினால் முடிந்தது. யாரும் பேசவில்லை. எல்லோரும் இலையின் மேல் ஓரத்தைப் பிடித்துவிட்டார்கள். அப்போது நான் உள்ளே வைக்க மறந்த ரச வாளியோடு கடைசி இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த இலை சுத்தமாக இருந்தது. வெறும் பச்சை. வெறும் இலையைக் கண்டால் சும்மா கடந்து போகக் கூடாது என்பதும் முதல் வாரப் பாடம்தான். என் கை தானாக ஊற்றிவிட்டது.

தானாக என்று எழுதலாமா என்று தெரியவில்லை. நான்தான் ஊற்றினேன்.

கடைசி இலைக்காரர் ரசத்தைப் பார்த்தார். கொஞ்சம் சோறு கேட்டார். பிசைய ஆரம்பித்தார். மண்டபம் முழுவதும் இலையிலிருந்து கைகள் இறங்கின. தலைவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

ஜெயக்கொடி மேடம் என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"ஏம்மா, மோர் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது மேடம்."

"அப்பறம் ஏன் ஊத்துன?"

"வெறும் இலையா இருந்துச்சு மேடம்."

மேடம் என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பாடம் நினைவிருந்திருக்க வேண்டும். பிறகு, போய் அந்த மனிதரைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டு வா என்றார். பரிமாறுகிறவர்கள் பந்தியில் பேசக் கூடாது. "போடட்டுமா" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும்தான் அனுமதி. இந்த ஒரு தடவை பேசிக்கொள் என்று மேடம் விலக்குக் கொடுத்தார்.

கடைசி இலைக்குத் திரும்பிப் போனேன். பந்தி இதற்குள் நீண்டுவிட்டது. நடந்து பார்த்தேன். நடக்க நடக்க அது தள்ளிப் போயிற்று. நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. டிரைவர் எந்த நாட்டில் இறங்க வேண்டும் என்று கேட்டார். கடைசி என்றேன். கடைசிக்குத் தனி வண்டிதான் போகும், ஆள் ஏறாது என்றார். பிறகு வாளியைப் பார்த்துவிட்டு ஏறச் சொன்னார். வழியில் இரண்டு வல்லரசுகளின் நடுவே போக்குவரத்து நின்றது. ஊறுகாய் விஷயமாக ஏதோ தகராறு.

கடைசி இலைக்காரர் வயதானவர். கழுத்துப் பட்டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தன் நாட்டின் பெயரைச் சொன்னார். தகரத்தில் மழை பெய்வது போல இருந்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். மறுபடியும் மழை பெய்தது. அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

நான் செய்தது தவறு, மன்னிக்க வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் சாப்பிட முடியுமா என்று கேட்டேன். மாடியில் இருப்பதைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். வாஷரைப் பற்றியும் சொன்னேன். அது தேவையில்லாத விவரம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். உடன்படிக்கையை நான் படித்தேனா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அது எல்லோருடைய இலைக்கும் அடியில்தான் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தபடி சொன்னார். சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பேப்பர் ரோலில்தான் அச்சடித்திருக்கிறார்கள். இத்தனை நாள் அதன் மேல்தான் பரிமாறியிருக்கிறேன். கவனிக்கவில்லை.

"உடன்படிக்கை உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லிரலாமே சார்," என்றேன்.

"எங்க நாட்டுக்குப் பக்கத்து இலை யாரோடதுன்னு பாத்தியாம்மா? வேணாம்னு சொல்ற வசதியெல்லாம் எங்களுக்கு இல்ல. பசிக்குதுன்னு வேணா சொல்லலாம்."

எனக்குப் புரியவில்லை. அண்ணன் வாஷரோடு காத்திருப்பதாக மறுபடியும் சொன்னேன்.

"சரிம்மா. உனக்காக வேகமா சாப்பிடறேன்," என்றார். வேகமாகவே சாப்பிட ஆரம்பித்தார். நல்ல மனிதர்.

திரும்பும் வழியில் காலி இலையின் பக்கத்தில் ஆட்டோ நின்றது. நான் இறங்கி அந்த இலையை நுனியில் தூக்கி அடியில் படித்தேன். எதையும் சரிபார்க்காமல் விட எனக்கு வராது.

அந்தக் காகிதத்தில் மேலிருந்து கீழாக ஒரே வாக்கியம் பலமுறை அச்சாகியிருந்தது. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு அடுத்ததை எழுதியிருந்தார்கள். முதலில், இயந்திரம் சுடுவதற்கு முன் ஒரு மனிதர் தீர்மானிக்க வேண்டும் என்று இருந்தது. அடுத்து, ஒரு மனிதர் அறிந்திருக்க வேண்டும். அடுத்து, ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் அடிக்கப்படாமல் நின்ற வாக்கியம் இதுதான்: இயந்திரம் சுடும்போது அருகில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

'நிறுத்து' என்று ஒரு சொல்லும் ஓரத்தில் இருந்திருக்கிறது. அதன் மேல் பாயசம் கொட்டியிருந்தது.

வாக்கியம் நல்ல தமிழில்தான் இருந்தது. பிழை எதுவும் தெரியவில்லை. ஆனால் இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போவது பற்றி அதில் எதுவும் இல்லை. மறுபடி படித்தேன். அப்போதும் இல்லை. நான் பாதி வாக்கியத்தைத்தான் பார்க்கிறேனோ என்று இலையை இன்னும் தூக்கினேன். மேசைதான் தெரிந்தது.

மாடியில் இருப்பதையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. சமையல்கட்டின் பின்கதவைத் திறந்தேன். எங்கள் மொட்டை மாடி இருந்தது. பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை.

"வாங்க சிஸ்டர். சாப்பாடு ஆச்சா?" என்றது இயந்திரம். கண் என் பக்கம் திரும்பவில்லை. அது மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல. ரசத்துல இருக்காங்க."

"காத்திருக்கேன்."

புது வாக்கியத்தைச் சொன்னேன். தெரியும் என்றது. அதற்கு மனப்பாடம். அப்படியானால் அருகில் இருக்கப்போகும் மனிதர் யார் என்று கேட்டேன். யாராவது அதிகாரி வருவார், வந்தால் அவரிடம் பைப் விஷயத்தை எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

"அதுக்கு ஏற்பாடு ஆயிருச்சு சிஸ்டர்."

"யாரு?"

"உங்க அண்ணன்."

அவனைத்தானே சுடப்போகிறீர்கள் என்றேன். ஆமாம் என்றது. சுடும் நேரத்தில் எப்படியும் அவர்தான் மிக அருகில் இருப்பார், அதற்கென்று இன்னொருவரை அழைத்து வந்து சிரமப்படுத்துவானேன் என்று கேட்டது. எல்லா ஊரிலும் இப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்களாம்.

"அவர் பக்கத்துல இல்லாம நான் ஒண்ணும் பண்ண மாட்டேன் சிஸ்டர். விதியை மீறுற பழக்கம் எனக்குக் கிடையாது."

குரலில் வருத்தம் எதுவும் இல்லை. பெருமை கொஞ்சம் இருந்தது. நான் வடகத்தைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். மனம் சரியில்லாதபோது கையில் இருக்கும் வேலையை முடிப்பது என் வழக்கம்.

வீட்டில் கேசரி வாசனை. அம்மா எதிர்வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். அவன் கழுத்தில் நாடா போட்ட அடையாள அட்டை தொங்கியது. அட்டையில் அவன் படம். மேலிருந்து எடுத்தது. வகிடும் தோளில் பைப்பும் தெரிந்தன. படத்துக்குக் கீழே 'மனிதர்' என்று பதவி அச்சாகியிருந்தது.

"கவர்மெண்டு வேலை. அதுவும் வீட்டுலயே," என்று அம்மா எதிர்வீட்டிடம் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர்கள் வாசல் தண்ணீரைப் பற்றி இன்று எதுவும் பேசவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சும்மா பக்கத்தில் இருந்தால் போதுமாம், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லையாம், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தன்னைப் பற்றிச் சொன்னதும் இதைத்தான் என்றான். நான் அவனை உள்ளறைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். மாடியில் பேசியதையும் அப்படியே சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவன் அட்டையைக் கையில் எடுத்துத் திரும்பப் படித்தான். பின்பக்கமும் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

ஊரைவிட்டுப் போய்விடு என்றேன். எங்கே போனாலும் அது வரும், வந்தால் பக்கத்தில் ஆள் இருப்பதாக ஆகிவிடும் என்றான். அவனுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிகிறது. நான் நிறுத்து என்று சொன்னால் நிறுத்துமா என்று கேட்டான். அதன் மேல் பாயசம் கொட்டிவிட்டது என்றேன்.

கூடத்தில் அம்மா யாருக்கோ மீண்டும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் அட்டையைக் கழற்றப் போனான். அம்மாவின் குரலைக் கேட்டு விட்டுவிட்டான். கட்டிலில் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து வாஷரை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினான்.

"அந்தப் பெரியவரு இன்னும் சாப்ட்டுட்டுதான் இருக்காரா?"

"நான் வர்றப்ப சாப்ட்டுட்டு இருந்தாரு."

"மெதுவா சாப்பிடச் சொல்லு," என்றான்.

நான் அவரை வேகமாகச் சாப்பிடச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

மாடிப்படி ஏறி ஓடினேன். கதவு இருந்த இடத்தில் கதவு இருந்தது. சமையல்கட்டில் ரச அண்டாவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கழுவப் போகிறோம் என்றார் மாஸ்டர். அடியில் மண்டிதான் மிச்சம் இருந்தது. அதைக் கரண்டியால் சுரண்டி வாளியில் ஊற்றிக்கொண்டேன். மண்டியை இலையில் ஊற்றக் கூடாது. அது இரண்டாம் வாரப் பாடம்.

கடைசி இலைக்கு ஷேர் ஆட்டோ இல்லை. ஓடினேன். வாளியோடு ஓடக் கூடாது என்பது எந்த வாரப் பாடம் என்று நினைவில்லை. காலி இலையைக் கடந்தேன். பாதி நிற்கவில்லை. ஊறுகாய்த் தகராறு தீர்ந்திருந்தது. இரண்டு வல்லரசுகளும் ஏப்பம் விட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது கடைசி இலைக்காரர் இரண்டாவது தடவையாக மோரும் குடித்து முடித்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இலை மறுபடியும் வெறும் பச்சை.

தலைவர் டம்ளரைத் தட்டினார்.

"யாருக்கும் வேற ஒண்ணும் வேணாமே?"

மண்டபம் அடங்கியது. எல்லோருடைய கையும் இலையின் மேல் ஓரத்துக்குப் போயிற்று. கடைசி இலைக்காரரும் பிடித்துவிட்டார். மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்து நாற்காலியைத் தேடினார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் இலை இல்லாதவருக்குப் பந்தியில் குரல் கிடையாது. மேடம் கொடுத்த விலக்கும் ஒரு தடவைக்குத்தான். எனக்கு இருந்தது ஒரே ஒரு சொல். அதைச் சொன்னேன்.

"போடட்டுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் என்னை, பிறகு வாளியை. உள்ளே மண்டி இருந்ததை அவர் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் பெரிய தோள். தன் இலையைப் பாதி மடித்துவிட்டார்.

தலைவர் ஸ்பூனைத் தூக்கினார்.

"பசிக்குதும்மா," என்றார் கடைசி இலைக்காரர். என்னிடம் சொல்வது போல மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

ஊற்றினேன். இலை நடுவில் கறுப்பாக ஒரு சின்னக் குளம் நின்றது. மிளகும் பருப்பும் அடியில் தெரிந்தன. அவர் சோறு கேட்டார். யாரோ கொண்டுவந்தார்கள். அவர் அதை ஒவ்வொரு பருக்கையாகப் பிசைந்தார். பக்கத்து இலைக்காரர் மடித்த இலையை மறுபடி விரித்தார். மடித்த இடத்தில் கோடு விழுந்திருந்தது. தலைவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். மேனேஜர் பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலில் குழந்தைக்குக் காதுகுத்து முடிந்துவிட்டது. மண்டபத்துக்காகக் காத்திருக்காமல் படியிலேயே குத்திவிட்டார்கள். குழந்தை அழுதது. பெண் குழந்தைதானே, இனிப் பெரியவளாகி மஞ்சள் நீராட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் மேனேஜரிடம் தேதி பதியச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெயக்கொடி மேடம் மறுபடியும் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார். இப்போதும் வெறும் இலையாக இருந்ததா என்று கேட்டார். இல்லை மேடம், மோர் வாங்கிவிட்டார் என்று தெரிந்துதான் ஊற்றினேன் என்றேன். மேடம் என்னை நீண்ட நேரம் பார்த்தார். அவருக்கும் வீட்டில் மொட்டை மாடி உண்டு. அதைப் பற்றி அவர் வகுப்பில் பேசியதில்லை.

"நீ பாஸ் ஆகலம்மா," என்றார். "நாளைக்கும் இதே பந்திக்குத்தான் வரணும்."

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மெதுவாகச் சாப்பிட்டான். பருப்பு ஆறிவிட்டது என்று அம்மா திட்டினாள். மாடியில் கொடித் துணியை எடுக்கப் போனபோது இயந்திரம் கேட்டது.

"சாப்பாடு ஆச்சா சிஸ்டர்?"

"இல்ல."

"காத்திருக்கேன்."

இன்றைய குறிப்பை இத்துடன் முடிக்க வேண்டும். முதல் முறை ஊற்றியதைத் தவறு என்று எழுதிவிட்டேன். இரண்டாவது முறை ஊற்றியதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே ரசம்தான்.

அண்டா காலி. மாஸ்டருக்கு இன்னும் சொல்லவில்லை. கேட்டால், மோர்தான் ஊற்றியாயிற்றே, இன்னும் எதற்கு ரசம் என்பார்.

நாளை: விடிந்ததும் மண்டபத்துக்குப் போய்ப் புளி ஊற வைக்க வேண்டும். பெரிய அண்டாவில்.